கோரிமேட்டைத் தாண்டாத குரல்

1955ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பதாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு வக்கீல் தட்சிணாமூர்த்தி ஊர் எல்லையான கோரிமேட்டைத் தாண்டிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். அவருடைய குரல் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில், மீன் விற்கும் பூவாயியின் கூடைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. அன்று கவளை மீன் கூறு நாலணா. கண்டக்டர் டிக்கெட் கேட்டதும் வக்கீல் வாயைத் திறந்து "திண்டிவனம் ஒண்ணு" என்றார். பேருந்தில் யாருக்கும் கேட்கவில்லை. மார்க்கெட்டில் பதினோரு பேருக்குக் கேட்டது. பூவாயி கூடையைத் தூக்கி அடியில் பார்த்தாள். ஈர மணல்தான் இருந்தது. "மேத்ரு, வஞ்சிரத் தலைக்கு வெல பேசிச் சண்ட போட்டுட்டு இப்பதான போனீங்க? திண்டிவனத்துக்கு என்கிட்ட எதுக்கு டிக்கெட்டு கேக்கறீங்க?" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன வழக்கப்படி அந்த ஊரில் வக்கீலை மேத்ரு என்றுதான் கூப்பிடுவார்கள். பதில் வரவில்லை. காது உடம்போடு போயிருந்தது. கண்டக்டர் அவரை வாய் பேசாதவர் என்று நினைத்து, ஜன்னலோரத்தில் இருந்த ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பியபோது, கோரிமேட்டில் ஒரு இருமலோடு குரல் திரும்பி வந்தது. அதில் கொஞ்சம் மீன் வாடை இருந்ததாக அவர் மனைவி வரலட்சுமி சொன்னாள்.

காரணம் சட்டப்படி தெளிவாக இருந்தது. 1936இல் வக்கீலாகப் பதிந்தபோது தட்சிணாமூர்த்தி கறுப்பு அங்கியும் கழுத்தில் வெள்ளைத் துணியும் அணிந்து, "இந்த நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே என் குரலை உயர்த்த மாட்டேன்" என்று பிரெஞ்சு மொழியில் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தை வாங்கி வைத்திருந்த நீதிபதி, 1954 நவம்பரில் ஊர் இந்தியாவின் கைக்கு வந்ததும், ஒரு பியானோவையும் இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு கப்பலில் போய்விட்டார். போகிற அவசரத்தில் வக்கீல்களை விடுவிக்க மறந்துவிட்டார். பதினெட்டு வக்கீல்களில் பதினேழு பேர் அடுத்த வாரமே புதுச் சத்தியம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்தவர் சுப்பராயன். அவர் வரிசையில் நிற்பதற்காக விடியற்காலையிலேயே வந்துவிட்டிருந்தார். தட்சிணாமூர்த்தி மட்டும் மறுத்தார். ஒரு சத்தியம் உயிரோடு இருக்கும்போது இன்னொன்றைச் செய்வது இரண்டாம் தாரம் கட்டுவதற்குச் சமம் என்றார். "அந்த ஒழுக்கம் கோர்ட்டுக்கு மட்டும்தானா, இல்ல வீட்டுக்கும் உண்டா?" என்று வரலட்சுமி கேட்டாள். ஊரைக் கொடுக்கும் காகிதத்துக்குப் பாரீசில் இன்னும் ஒப்புதல் கிடைக்காததால், காகிதத்தில் ஊர் பிரெஞ்சு ஊராகவே இருந்தது. உடம்புக்குக் காகிதம் தெரியாது, பேருந்து ஏறிப் போனது. குரல் வக்கீலின் குரல். அது காகிதத்தைப் படித்திருந்தது.

அவருடைய குமாஸ்தா ராஜாங்கம் ஒழுங்கானவர். கடிகாரமும் நோட்டுப் புத்தகமுமாக மார்க்கெட்டில் உட்கார்ந்து, ஐயா எங்கே போனால் குரல் என்ன ஆகிறது என்று மூன்று மாதம் எழுதினார். மூலக்குளம் வரை குரல் உடம்போடு இருந்தது. வில்லியனூரிலும் இருந்தது. பாகூருக்குப் போகும்போதுதான் தொல்லை. அந்தப் பக்கம் பிரெஞ்சு மண்ணும் இந்திய மண்ணும் கிழிந்த பாய்போல மாறி மாறிக் கிடந்தன. மாட்டுவண்டியில் வரலட்சுமியோடு பேசிக்கொண்டு போன வக்கீல் ஒரு வாய்க்காலைத் தாண்டியதும் ஊமையானார், அடுத்த பனைமரத்தில் பேச்சு வந்தது, அதற்கடுத்த களத்துமேட்டில் மறுபடி போனது. வரலட்சுமிக்கு வாக்கியத்தின் பாதி கிடைத்தது. மீதிப் பாதி பூவாயிக்குக் கிடைத்தது. இரண்டு பெண்களும் மறுநாள் சந்தித்து ஒட்டவைத்துப் பார்த்ததில், அவர் மாமனார் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு போனது தெரியவந்தது. பூவாயி கூடையை வாசல் பக்கம் நகர்த்தினால் குரலும் நகர்ந்தது என்பதையும் ராஜாங்கம் குறித்தார். கடைசியாகக் குரலை உயர்த்தியது அந்தக் கூடையிடம்தான் என்பதால் இதில் ஊர் வியக்கவில்லை. பக்கத்துக் கூடைக்காரி சின்னப்பொண்ணு மட்டும், வாரத்தில் இரண்டு நாளாவது குரல் தன் கூடைக்கு வர வேண்டும் என்று நகராட்சியில் மனுக் கொடுத்தாள். மனு நிராகரிக்கப்பட்டது.

1957இல் டெல்லி அவைக்கு ஊரிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. காகிதத்தில் வெளிநாடாக இருக்கும் ஊர் என்பதால் முழு நாற்காலி தர முடியாது. வருகிறவர் பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது என்று கடிதம் சொன்னது. கொம்யூன் என்னும் நகராட்சி மன்றங்களின் உறுப்பினர்கள் கூடி ஒரு நாள் முழுக்க வாதாடினார்கள். சுப்பராயனுக்கும் தட்சிணாமூர்த்திக்கும் சமமான ஓட்டு விழுந்தது. பேச மட்டுமே உரிமையுள்ள இடத்துக்குப் பேச முடியாத ஆளை அனுப்பினால் ஊர் சிரிக்கும் என்று சுப்பராயன் சொன்னார். வாசலில் மீன் கூடையோடு நின்றிருந்த பூவாயி, "முன்ன பேசத் தெரிஞ்சவங்கள பாரீசு அவைக்கு அனுப்புனமே, போயி இன்னா கிழிச்சாங்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஓட்டுகள் மாறின. கப்பலேறிப் போனவனுக்குக் கொடுத்த வாக்கையே காப்பாற்றுகிறவன் நமக்குக் கொடுப்பதையும் காப்பாற்றுவான் என்று மாறியவர்கள் காரணம் சொன்னார்கள். தட்சிணாமூர்த்திக்கு உள்ளூர ஆசை இருந்தது. இருபத்தொரு வருடம் வேலித் தகராறும் பாகப்பிரிவினையும் பார்த்தவர் அவர். முழு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அவருக்குக் கனவு வந்துகொண்டிருந்தது.

டெல்லியில் அவருக்கு ஒரு தூணுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். நாற்காலிக்கு ஒரு கைதான் இருந்தது. அவர் எழுந்து வாயை அசைப்பார். அவை அமைதியாகிவிடும்; எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிப் பழகிய அவையில், ஒருவர் ஒன்றும் பேசாமல் நிற்பது மரியாதையாகப் பட்டது. பத்திரிகைகள் அவருடைய பண்பட்ட மௌனத்தைப் பாராட்டின. பெயருக்கு ஏற்றபடி கல்லால மரத்தடிக் கடவுளைப் போல இருக்கிறாரே என்று மதராஸ் உறுப்பினர்கள் சொன்னார்கள். இங்கிலீஷ் அவருக்குச் சரியாக வராது, தமிழில்தான் பேசினார். யாருக்கும் கேட்காததால் எந்த மொழி என்ற ஆட்சேபமும் எழவில்லை. அதே நேரத்தில் பெரிய மார்க்கெட்டில் அவருடைய குரல் கணீரென்று ஒலித்தது. கூட்டத்தொடர் நாட்களில் மீன் பகுதியில் நிற்க இடமில்லை. பள்ளிக்கூட வாத்தியார்கள் வந்தார்கள், போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். கவளை கூறு ஆறணா ஆனது. தங்கள் பிரதிநிதி சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் இப்படிக் கேட்ட ஊர் நாட்டில் வேறு இல்லை. அவர் சொல்ல நினைக்காத சொற்களும் கேட்டன. முதல் மாதம் அவர் கவனமாக இருந்தார். பிறகு மனிதன் மறப்பதுபோல் மறந்தார். சர்க்கரை கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தும், ஒரு சாயங்காலம் கூடைக்கு மேலிருந்து "இன்னும் ரெண்டு ஜாமூன் வைப்பா" என்று கேட்டது. இறால் வாங்க வந்திருந்த வரலட்சுமி அங்கேயே ஒரு தாள் வாங்கிக் கடிதம் எழுதினாள்.

1959 ஜனவரியில் பூவாயி குடியிருந்த குப்பத்துக் கரையில் யாரோ வந்து முளைக்குச்சிகள் அடித்துவிட்டுப் போனார்கள். டெல்லியிலிருந்து வரும் அதிகாரிகள் கடலைப் பார்த்தபடி தங்குவதற்கு ஒரு மாளிகை வரப்போகிறது என்றார்கள். நாற்பது குடும்பங்கள் கட்டுமரத்தை இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் அந்த ஒரு கரைதான். தட்சிணாமூர்த்தி ஊருக்கு வந்திருந்தபோது பூவாயி அவர் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசற்படியில் நின்றாள். "கர போனா கடலு போன மாதிரி மேத்ரு. அங்க ஒரு வார்த்த கேளுங்க."

"கேக்கறேன், பூவாயி. அதுக்குத்தான போயிருக்கேன்."

"அங்க கேக்காதே உங்க கொரலு?"

"எழுதியும் குடுப்பேன்."

எழுதியும் கொடுத்தார். பேசவும் பேசினார். பிப்ரவரியில் இருபத்திரண்டு நிமிடம் அவர் கரைக்காகப் பேசியபோது மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதார்கள். ஆடு வெட்டும் தொட்டியிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டார்கள். டெல்லியில் அவைத் தலைவர், சுருக்கமாக முடித்ததற்கு உறுப்பினருக்கு நன்றி தெரிவித்தார். பதிவேட்டில் "உறுப்பினர் எழுந்தார், அமர்ந்தார்" என்று இருந்தது.

மார்ச் மாதம் ஒரு துணைச் செயலாளர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெள்ளித் தம்ளரில் காபி கொடுத்தார். மேசைமேல் கரையின் வரைபடம் இருந்தது. அதில் மாளிகை நீல மையில் இருந்தது, குப்பம் இல்லை. பிரதிநிதியின் சம்மதம் இல்லாமல் கோப்பு நகராது என்றார். மாளிகையின் அடிக்கல்லில் தட்சிணாமூர்த்தியின் பெயர் வரும் என்றார். காகிதம் ஒப்புதலாகும் நாளில் முழு நாற்காலி, இரண்டு கையோடு, அவருக்குத்தான் என்றும் சொன்னார். பக்கத்தில் சுருக்கெழுத்துக்காரர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்சிணாமூர்த்தி வரைபடத்தையே பார்த்தார். நீல மை அழகாக இருந்தது. இரண்டு வருடமாக யாருக்கும் கேட்காமல் பேசிப் பேசி, தாம் சொல்வது எங்கேயும் விழுவதில்லை என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது. தலையை ஆட்டினார். பழக்கத்தில் வாயும் திறந்தது.

பதினொன்று பத்துக்கு, பூவாயி வஞ்சிரத்தின் செவுளில் விரலை விட்டிருந்தபோது, கூடைக்கு மேலிருந்து குரல் வந்தது. "சரி, செஞ்சுக்குங்க. நாப்பது குடும்பம்தான, வேற எடம் குடுத்தா போயிடுவாங்க." மீன் வரிசை முழுவதும் அப்படியே நின்றது. சின்னப்பொண்ணு மட்டும், "போயிடுவோமாம்" என்றாள். ஒரு ஆள் கூடையை எட்டி உதைக்க வந்தான். பூவாயி அவனைக் கையால் தடுத்தாள். விரலை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். மீனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ராஜாங்கத்தைக் கூட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்கு நடந்தாள். அங்கே வரிசையில் நின்றவர்கள் வாடைக்கு வழிவிட்டார்கள். என்ன எழுத வேண்டும் என்று ராஜாங்கம் கேட்டார். வழியெல்லாம் அவள் திட்டிக்கொண்டு வந்ததை எழுதினால் பதினெட்டு ரூபாய் ஆகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். "கேட்டுச்சு மேத்ரு. பூவாயி. அவ்ளதான், எழுதுங்க" என்றாள். ராஜாங்கம் அதை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவே எழுதிக் கொடுத்தார். விஷயம் கேள்விப்பட்டுப் பின்னாலேயே வந்த வரலட்சுமி இன்னொரு தந்தி அடித்தாள். அதில் வீட்டுக்கு வர வேண்டாம் என்று இருந்தது.

டெல்லியில் சம்மதக் கடிதம் தட்டச்சாகி வந்து, துணைச் செயலாளர் பேனாவைத் திறந்து நீட்டியபோது மணி பன்னிரண்டு அடித்தது. தட்சிணாமூர்த்தி எழுந்துவிட்டார். புதுச்சேரியில் பன்னிரண்டு மணிக்குக் கடைகளை மூடுவார்கள், கோர்ட்டை மூடுவார்கள், ஜன்னல்களை மூடுவார்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கி மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். வக்கீலான நாள் முதல் அவர் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. தூக்கத்துக்கு உரிய நேரத்தில் போட்ட கையெழுத்து தூக்கத்தில் போட்ட கையெழுத்துதான் என்பது அவர் கட்சி. ஒரு நிமிட வேலைதானே என்று துணைச் செயலாளர் கெஞ்சினார். தட்சிணாமூர்த்தி கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். தாம் தங்கியிருந்த அறைக்குப் போய், சட்டையைக் கழற்றி மாட்டி, படுத்து, நன்றாகத் தூங்கினார். இரண்டே முக்காலுக்குத் தந்திக்காரன் கதவைத் தட்டினான். முதல் தந்தியைப் பிரித்துப் படித்தார். இரண்டாவதையும் படித்தார். பிறகு முதல் தந்தியை மறுபடி எடுத்துப் படித்தார். அவள் திட்டியிருந்தால் வக்கீல் என்ற முறையில் பதில் சொல்லியிருப்பார். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மூன்றேகாலுக்கு அவர் திரும்பி வந்தபோது பேனா அதே இடத்தில் திறந்தே இருந்தது, மை காய்ந்திருந்தது. அவர் பேனாவைத் தொடவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தம் பென்சிலால், "சம்மதம் கொடுத்ததாக நினைவில்லை. குறிப்பைப் பார்க்கவும்" என்று எழுதி நீட்டினார். சுருக்கெழுத்துக்காரர் நோட்டைப் புரட்டினார். அதில் "உறுப்பினர் ஒன்றும் சொல்லவில்லை" என்று இருந்தது. நல்ல சுருக்கெழுத்துக்காரர், காதில் விழாததை எழுதுவதில்லை.

"தலைய ஆட்டினேளே?" என்றார் துணைச் செயலாளர்.

"ஈ" என்று எழுதினார் தட்சிணாமூர்த்தி.

"வாய் அசைஞ்சுதே சார்?"

"வெற்றிலை" என்று எழுதினார்.

துணைச் செயலாளர் கோப்பை மூடி, உறுப்பினரின் பதிலுக்குக் காத்திருக்கிறது என்று மேலே எழுதி அலமாரியில் வைத்தார். படிக்கட்டில் இறங்கும்போது தட்சிணாமூர்த்தி ஒரு தடவை வாயைத் திறந்தார். மார்க்கெட்டில் அப்போது கூட்டமில்லை. மத்தியானத் தூக்கம் கலைந்து பூவாயி மீன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "தப்புதான், பூவாயி" என்று குரல் வந்தது. அவள் தெளித்து முடித்தாள். "வரட்டும்" என்றாள். வரலட்சுமிக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்கு வரலாம் என்று மூன்றாவது தந்தி போக ஒன்பது நாள் ஆனது.

மூன்று வருடம் இப்படியே போனது. முளைக்குச்சிகளில் குப்பத்தார் வலை காயவைத்தார்கள். 1962 ஆகஸ்ட் பதினாறாம் தேதி காகிதம் ஒப்புதலாகிக் கைமாறியது. பிரெஞ்சு நீதிமன்றத்தின் எல்லை என்று ஒன்று இல்லாமல் போனதால் சத்தியத்துக்கு நிற்க இடமில்லை, குரல் விடுதலையானது. அன்று டெல்லி அவையில் தூணுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தும்மல் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தும்மியவர் அவர்களைவிட அதிகம் பயந்துபோனார். மறுநாள் அவரைப் பேசச் சொன்னார்கள். எட்டு நிமிடம் பேசினார். எட்டு நிமிடமும் கைதட்டினார்கள். நாற்காலிக்கு இரண்டாவது கையைப் பொருத்த ஒரு தச்சர் வந்தார். மூன்றாம் நாள் துணைச் செயலாளர் காபிக்குக் கூப்பிட்டுச் சீட்டு அனுப்பினார். கோப்பு அலமாரியிலிருந்து இறங்கிவிட்டது, இனி வாய்ச் சம்மதமே போதும் என்று சீட்டில் இருந்தது.

பெரிய மார்க்கெட்டில் பூவாயியின் கூடைக்கு மேலே மீன் வாடை மட்டும் இருந்தது. வாத்தியார்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். கவளை மறுபடி நாலணாவுக்கு இறங்கியது; பூவாயி அதைச் சொல்லவில்லை. "இனிமே அங்க இன்னா பேசறாரோ, எவன் கண்டான்" என்று மட்டும் சொன்னாள். குப்பத்தார் முளைக்குச்சிகளிலிருந்து வலையை எடுத்துவிட்டார்கள்.

தட்சிணாமூர்த்தி காபிக்குப் போகவில்லை. அந்த அறையில் தம் வாய் முன்பு ஒருமுறை என்ன சொன்னது என்று அவருக்குத் தெரியும். தம்ளர் வெள்ளி என்பதும் நினைவிருந்தது. நேரே ரயிலடிக்குப் போனார். மூன்றாம் நாள் காலை கோரிமேட்டைத் தாண்டினார். தாண்டியதில் எந்த வித்தியாசமும் தெரியாதது அவருக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கறுப்பு அங்கியை எடுத்தார். அது 1936இல் தைத்தது, வயிற்றில் பொத்தான் சேரவில்லை. வரலட்சுமி ஊக்கு குத்திவிட்டாள். ஆகஸ்ட் வெயிலில் அங்கியோடு மார்க்கெட்டுக்கு நடந்தார், ராஜாங்கம் குடை பிடித்தார். பூவாயி அருவாமனையில் ஒரு சுறாவை அரிந்துகொண்டிருந்தாள். அவர் கூடைக்கு முன்னால் நின்று வலது கையைத் தூக்கினார்.

"யாருக்கு சத்தியம் பண்றீங்க மேத்ரு? தொர போயி எட்டு வருசம் ஆவுது."

"உனக்குத்தான்."

பூவாயி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். புதுச்சேரி எல்லைக்கு வெளியே என் குரலை உயர்த்த மாட்டேன் என்று அவர் தமிழில் சொன்னார். சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"வாங்கிக்கினேன். ஆனா ஒண்ணு மேத்ரு. நான் கப்பல் ஏறிப் போற ஆளு இல்ல. விடவும் மாட்டேன்."

"தெரியும்" என்றார் அவர். அரைக் கிலோ சுறாப்புட்டுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் டெல்லி ரயிலைப் பிடிக்கக் கிளம்பினார். பேருந்து கோரிமேட்டைத் தாண்டியபோது அவர் கண்டக்டரைப் பார்த்து வாயை அசைத்தார். கூடைக்கு மேலே "திண்டிவனம் ஒண்ணு" என்று கேட்டது. சின்னப்பொண்ணு உடனே கவளை கூறு ஆறணா என்று கூவினாள். டெல்லியில் துணைச் செயலாளர் அவருக்கு நான்கு தடவை காபி கொடுத்தார். நான்கு தடவையும் சுருக்கெழுத்துக்காரர் ஒரே வரியை எழுதினார். கோப்பு உறுப்பினரின் பதிலுக்குக் காத்திருக்கிறது.

அந்த ஆண்டுக் கடைசியில் முழு நாற்காலிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. சுப்பராயன் மனுச் செய்தார். ஓட்டுக் கேட்டு மார்க்கெட்டுக்கு வந்தபோது மீன்காரப் பெண்கள் அவரிடம் ரோடு கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. ஜெயித்தால் குரலை யார் கூடையில் விட்டுவிட்டுப் போவீர்கள் என்று கேட்டார்கள். சின்னப்பொண்ணு தன் கூடையைக் காலி செய்து வைத்திருந்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வீட்டுக்குப் போன சுப்பராயன், மறுநாள் பன்னிரண்டு மணிக்கு முன்பே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தட்சிணாமூர்த்தி போட்டியின்றி ஜெயித்தார். அவை கூடும் நாட்களில் பூவாயி கூடைக்குப் பக்கத்தில் குரலுக்கென்று ஒரு முக்காலியைக் கழுவிப் போட்டு வைக்கிறாள். அதில் யாரும் உட்காருவதில்லை.